இரு பொற்பதக்கங்களுக்கு இடையே

(மன்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கோணமாமலையில் எழுந்தருளியிருக்கும் கோணேசப் பெருமானை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகின்றோம். இந்து இளைஞர் மன்றத்தின் மேடையில் சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்த பெரியோர் சிலர், மேசைப்பந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று கேட்டதும் சற்றுத் திகைத்திருக்கலாம். 1897ஆம் ஆண்டு சென்னையில் இளைஞர்களை நோக்கிப் பேசிய சுவாமி விவேகானந்தர், முதலில் உடலும் உள்ளமும் வலிமை பெறட்டும், சமயம் பின்னர் தானே வரும் என்ற கருத்துப்பட எடுத்துரைத்தார். அவர் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் நடத்திய இந்துக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த ஊர் இது. ஆதலின் விளையாட்டைப் பற்றிப் பேசுவது இம்மேடைக்குப் புறம்பான செயலன்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட வீரர் அசந்தா சரத் கமல். 2006ஆம் ஆண்டு மெல்பேர்ண் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் அவர் ஆடவர் ஒற்றையர் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. அதே விழாவின் அதே பிரிவில் அவர் மீண்டும் தங்கம் பெற்றது 2022ஆம் ஆண்டு, பர்மிங்காம் நகரில். அப்போது வயது 40. இவ்விரு பதக்கங்களுக்கும் இடையே 16 ஆண்டுகள் உள்ளன. பதக்கங்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. அந்த 16 ஆண்டுகளைப் பற்றியே நாம் இன்று அதிகம் பேச விரும்புகின்றோம். ஏனெனில், நமது ஊரில் விளையாடத் தொடங்குவோர் பலர். பதினாறு வயதைக் கடந்தும் விளையாட்டில் நிற்பவர் மிகச் சிலர்.

சரத் கமல் நமது ஊரவர் அல்லர். தெலுங்கு பேசும் குடும்பத்திற் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். ஆயினும் அவர் பழகிய மண்டபங்களும், அவர் பெற்றாருக்கு இருந்த கவலைகளும், படிப்பா விளையாட்டா என்ற கேள்வியும் நமக்கு நன்கு தெரிந்தவையே.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். மேசையின் நீளம் 9 அடி, அகலம் 5 அடி, உயரம் இரண்டரை அடி. நடுவே 6 அங்குல உயரத்தில் ஒரு வலை. பந்தின் விட்டம் 40 மில்லிமீற்றர், எடை 2.7 கிராம் மாத்திரமே. இத்துணைச் சிறிய பந்தைச் சுழற்றி அடிக்கும்போது, அது மேசையில் பட்டு எத்திசையில் திரும்பும் என்பதை எதிரி கண்ணிமைக்கும் நேரத்திற்குள் கணித்தாக வேண்டும். கை மட்டும் விளையாடும் ஆட்டம் என்று பார்ப்பவர் எண்ணுவர். ஆடுபவருக்கோ, முதலில் களைப்பது கால், அதன் பின் கண், இறுதியில் மனம்.

இங்கிலாந்தில் உணவு மேசைமேல் பொழுதுபோக்காகப் பிறந்த இவ்வாட்டத்திற்கு 1926ஆம் ஆண்டு உலகச் சம்மேளனம் அமைந்தது. ஆசியாவில் முதன்முதலாக உலகப் போட்டி நடந்தது 1952இல், பம்பாயிலே. அதில் ஜப்பானிய வீரர் ஹிரோஜி சாட்டோ, தடித்த பஞ்சு றப்பர் ஒட்டிய மட்டையுடன் வந்து, ஓசையின்றிப் பறக்கும் பந்தினால் ஐரோப்பிய வீரர்களைத் திணறடித்துப் பட்டத்தை வென்றார். அன்று முதல் இந்த ஆட்டத்தில் ஆசியாவின் காலம் பிறந்தது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கிலும், 2002இல் மஞ்செஸ்டர் பொதுநலவாய விழாவிலும் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

சரத் கமல் 1982ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சீனிவாச ராவ். சிறிய தந்தையார் முரளிதர ராவ். இருவருமே மேசைப்பந்துப் பயிற்றுநர்கள். நான்கு வயதில் பிள்ளையின் கையில் மட்டை கொடுக்கப்பட்டது. வீட்டிலேயே குரு இருப்பது நற்பேறு என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால் அப்பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தோற்றால் வீட்டுக்கு வந்து மறைக்கலாம். பயிற்றுநரே தந்தையாக இருந்தால் தோல்வி இராச்சாப்பாட்டு நேரத்திலும் கூடவே வந்து அமர்ந்துவிடும். அந்தக் கண்டிப்பிலேயே அவர் வளர்ந்தார்.

அவர் சிறுவயதிலேயே எல்லோரையும் வென்று வியக்கவைத்த பிள்ளை அல்லர். பதினாறு வயதளவில், பொறியியல் படிப்பா, மேசைப்பந்தா என்ற கேள்வி அவர் முன்னும் நின்றது. க.பொ.த. பரீட்சை நெருங்கும்போது நமது வீடுகளில் எழும் அதே கேள்விதான். அவர் ஆட்டத்தைத் தேர்ந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை. சென்னை லயோலாக் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றார்.

2003ஆம் ஆண்டு அவர் முதன்முறையாக இந்தியத் தேசியச் சம்பியன் ஆனார். 2004இல் கோலாலம்பூரில் நடந்த பொதுநலவாய மேசைப்பந்துச் சம்பியன் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், வலக்கையின் முன்புற அடியிலே இடிபோன்ற வேகமும் அவருடைய பலம். இடப்புறமாக வரும் பந்தைப் புறங்கையால் திருப்புவதில் அவ்வளவு வலிமை அன்று அவருக்கு இருக்கவில்லை.

பின்னர் மெல்பேர்ண். இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றவர் அவுஸ்திரேலிய வீரர் வில்லியம் ஹென்சல். நாடு அவருடையது, அரங்கில் எழுந்த ஆரவாரமும் அவருக்குரியது. ஏழு செற் கொண்ட ஆட்டத்தில் இருவரும் மும்மூன்று செற் வென்று சமநிலையில் நின்றனர். ஏழாவது செற்றைச் சரத் கமல் கைப்பற்றினார். பொதுநலவாய விழாவின் மேசைப்பந்து ஒற்றையர் பிரிவில் இந்திய ஆடவர் பெற்ற முதல் தங்கம் அது. குழுப் போட்டியிலும் சிங்கப்பூரை வென்று இந்தியா தங்கம் பெற்றது. இருபத்து நான்கு வயது நிரம்பு முன்னரே இரண்டு தங்கம். இனி இவர் தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று பலர் எழுதினர்.

அவ்வாறு நடக்கவில்லை, நண்பர்களே.

அவர் காலத்தில் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. அவர் சிறுவனாகப் பழகியது 38 மில்லிமீற்றர் பந்து. 2000ஆம் ஆண்டில் அது 40 மில்லிமீற்றராகப் பெரிதாக்கப்பட்டது. முன்பு 21 புள்ளிக்கு ஒரு செற். 2001இல் அது 11 புள்ளியாகக் குறைக்கப்பட்டது. 21 புள்ளி ஆட்டத்தில் முதலிற் பின்தங்கினாலும் மெல்ல எழுந்து வரலாம். 11 புள்ளியில் நான்கு தவறு செய்தால் செற் கைநழுவிவிடும். சேர்விஸ் என்று நாம் கூறும் முதல் அடியின்போது பந்தை உடம்பால் மறைக்கலாகாது என்ற விதி 2002இல் வந்தது. மட்டையில் றப்பரை ஒட்டுவதற்குப் பயன்பட்ட ஒருவகைப் பசை பந்துக்கு மிகுந்த வேகத்தைத் தந்தது. அதன் ஆவி உடலுக்குத் தீங்கு என்று 2008இல் அதையும் தடைசெய்தனர். 2014இல் செலுலோயிட் பந்து போய் பிளாஸ்ரிக் பந்து வந்தது. வேகத்தை நம்பி ஆடியவர்க்கு இவை ஒவ்வொன்றும் பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதிய பாடம் எழுதுவது போன்றவையே.

2008இல் பீஜிங் ஒலிம்பிக்கில் அவர் ஆடினார். பதக்கச் சுற்றுகளுக்கு வெகு தூரத்திலேயே தோற்றார். 2010ஆம் ஆண்டு நல்ல ஆண்டு. எகிப்தின் கெய்ரோ நகரில் உலகச் சம்மேளனத்தின் சுற்றுப்போட்டியொன்றை வென்றார். இந்தியர் ஒருவர் அத்தகைய பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டு டெல்லியில் நடந்த பொதுநலவாய விழாவில் சுபாஜித் சாஹாவுடன் இணைந்து இரட்டையர் தங்கம் வென்றார். ஆனால் ஒற்றையரில், தமது சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், வெண்கலமே கிட்டியது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கு அவர் தகுதி பெறவே இல்லை. தாம் செல்லாத ஒலிம்பிக்கை முப்பது வயதில் தொலைக்காட்சியிற் பார்க்கும் நிலை.

2014இல் கிளாஸ்கோ விழாவில் அவருக்குக் கிடைத்தது அந்தோனி அமல்ராஜுடன் சேர்ந்து பெற்ற இரட்டையர் வெள்ளி ஒன்றே. 2015இல் தொடையின் பின்தசையிற் கடுமையான காயம். மேசைப்பந்து வீரருக்குத் தொடைத்தசை என்பது தோணிக்காரனுக்குத் துடுப்புப் போன்றது. பக்கவாட்டில் ஓடவும், குனிந்து எழவும், உடம்பைத் திருப்பி அடிக்கவும் அதுவே வேண்டும். காயத்திலிருந்து மீண்டு 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். அங்கே முதற் சுற்றிலேயே உருமேனிய வீரர் அட்ரியன் கிரிசானிடம் தோற்றார். வயது 34.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முப்பத்து நான்கு வயது; காயப்பட்ட கால்; ஒலிம்பிக்கில் முதற் சுற்றுத் தோல்வி; ஒற்றையர் தங்கம் பெற்றுப் பத்தாண்டுகள். கையில் நிலையான உத்தியோகமும் உண்டு. இந்தியன் ஒயில் நிறுவனத்தில் அவர் அதிகாரி. மனைவி மக்கள் உள்ள குடும்பஸ்தர். அன்றைக்கே அவர் மட்டையைக் கீழே வைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். நல்ல வீரர், காலம் முடிந்தது என்று பாராட்டியே அனுப்பியிருப்பார்கள். அவர் பெற்ற 13 பொதுநலவாய விழாப் பதக்கங்களுள் 7 பதக்கங்கள் அந்நாளுக்குப் பின்னர் வந்தவை.

அவர் என்ன செய்தார் என்பதை இளைஞர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். முதலாவது, தமது ஆட்டத்தை மாற்றினார். இளமையில் முன்புற அடி ஒன்றையே நம்பி, மேசையிலிருந்து விலகி நின்று, முழுப் பலத்துடன் அடித்தவர், வயது ஏறியபின் மேசைக்கு அண்மையில் நின்று ஆடவும், புறங்கை அடியை வலுப்படுத்தவும் பழகினார். ஓட்டத்தாற் செய்ததைக் கணிப்பாற் செய்யக் கற்றார். பெயர்பெற்ற சம்பியன் ஒருவர், சிறுவனைப் போல மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்குக் கூச்சம் விட வேண்டும். ஜேர்மனிக்குச் சென்று போருசியா டுசெல்டோர்ப் போன்ற புகழ்பெற்ற கழகத்தில், தம்மினும் தேர்ந்த வீரர்களோடு நாளும் பழகினார். தம் ஊரில் முதல்வராக இருப்பதைவிட அங்கே பலருள் ஒருவராக இருந்து கற்பது மேல் என்று கண்டார்.

இரண்டாவது, இளையோருக்குத் துணைவரானார். சத்தியன் ஞானசேகரன் என்ற சென்னை இளைஞர் அவரைவிட 10 வயதுக்கு மேல் இளையவர். இவர் வளர்ந்தால் தமது இடம் போகும் என்று மூத்தவர் எண்ணவில்லை. இருவரும் இரட்டையராக இணைந்து 2018இல் கோல்ட் கோஸ்ட் விழாவில் வெள்ளி பெற்றனர். குழுவாகத் தங்கம் வென்றனர். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய ஆடவர் குழு ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. மனிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையரிலும் சரத் கமலுக்கு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விழாவில் மேசைப்பந்து சேர்க்கப்பட்டது 1958இல். இந்தியாவுக்கு அதில் முதற் பதக்கம் கிடைத்ததோ அறுபது ஆண்டுகளின் பின்.

2019இல் அவர் ஒன்பதாவது முறையாகத் தேசியச் சம்பியன் ஆகி, கமலேஷ் மேத்தா என்ற முன்னோடி வீரரின் எட்டுப் பட்டச் சாதனையைக் கடந்தார். இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றவர் அதே சத்தியன். 2020 மார்ச்சில், ஓமான் நாட்டில் போர்த்துக்கல் வீரர் மார்க்கோஸ் பிரெய்தாசை வென்று ஒரு சர்வதேசச் சுற்றுப்போட்டியைக் கைப்பற்றினார். அத்தகைய பட்டம் அவருக்குக் கிட்டி அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கொரோனாவினால் ஓராண்டு பிந்தி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், இரண்டாம் சுற்றில் போர்த்துக்கல்லின் தியாகோ அப்பொலோனியாவை வென்று மூன்றாம் சுற்றுக்கு வந்தார். அங்கே காத்திருந்தவர் சீனத்து மா லோங். ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் பெற்றிருந்தவர், அம்முறையும் பெறப்போகிறவர். முதற் செற் 7-11 என்று போயிற்று. இரண்டாம் செற்றைச் சரத் கமல் 11-8 என வென்றார். மூன்றாம் செற் 11-13 என்று நூலிழையிற் கைநழுவிற்று. அடுத்த இரண்டும் 4-11, 4-11. தோல்விதான், ஆயினும் உலகின் தலைசிறந்த வீரரை 39 வயதில் மூன்று செற் வரை வியர்க்கவைத்த தோல்வி. அதை அவர் முடிவாகக் கொள்ளவில்லை. 2022 ஏப்ரிலில் பத்தாவது முறையாகத் தேசியப் பட்டம் வென்றார்.

இனி பர்மிங்காம், 2022 ஆகஸ்ட். குழுப் போட்டியின் இறுதியில் இந்தியா சிங்கப்பூரை 3-1 என்று வென்றது. அந்த ஒரு தோல்வி யாருடையது தெரியுமா? சரத் கமலுடையதே. அவர் சிங்கப்பூரின் கிளாரன்ஸ் சியூவிடம் தோற்க, இளையவர்களான சத்தியனும் ஹர்மீத் தேசாயும் வென்று தங்கத்தைக் கொண்டுவந்தனர். மூத்தவர் பல்லாண்டு தோள்கொடுத்து வளர்த்த இளையோர், மூத்தவர் இடறிய நாளில் அவரைத் தாங்கினர். அன்று கழுத்திலே அணிந்த பதக்கத்தில் தம் பங்கு குறைவு என்று அவர் சோர்ந்து அமரவில்லை.

ஆகஸ்ட் 7ஆம் நாள் ஒற்றையர் அரையிறுதியில் இங்கிலாந்தின் போல் டிரிங்ஹோலை வென்றார். அதே நாள் சத்தியனோடு ஆடிய இரட்டையர் இறுதியில் டிரிங்ஹோல், லியாம் பிச்சபோர்ட் இணையிடம் 2-3 எனத் தோற்றார். அத்தோல்வியின் சூடு ஆறுமுன், சிறீஜா அகுலாவுடன் சேர்ந்து மலேசிய இணையை வென்று கலப்பு இரட்டையர் தங்கம் பெற்றார். சிறீஜாவுக்கும் அவருக்கும் வயதில் 16 ஆண்டு இடைவெளி. மறுநாள் ஒற்றையர் இறுதி. எதிரே, முந்திய நாள் தம்மைத் தோற்கடித்த இணையின் பிச்சபோர்ட், தம் சொந்த நாட்டு மக்கள் முன்னே. முதற் செற்றைச் சரத் கமல் 11-13 என இழந்தார். அடுத்த நான்கையும் 11-7, 11-2, 11-6, 11-8 என்று தொடர்ச்சியாக வென்றார். மெல்பேர்ணில் 23 வயதில் தொடங்கிய வட்டம் அங்கே நிறைந்தது.

2019இல் பத்மசிறீ விருதும், 2022இல் விளையாட்டுத் துறையின் மிக உயர்ந்த விருதான கேல் ரத்னாவும் இந்திய அரசினால் அவருக்கு வழங்கப்பட்டன. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பி.வி. சிந்துவுடன் இந்தியக் கொடியை ஏந்தினார். அது அவரது ஐந்தாவது ஒலிம்பிக். ஒற்றையரில் முதற் சுற்றிலேயே சிலோவேனிய வீரரிடம் தோற்றார். 2025 மார்ச்சில், தாம் வளர்ந்த சென்னை நகரில் நடந்த சர்வதேசச் சுற்றுப்போட்டியே தமது கடைசிப் போட்டி என்று அறிவித்து ஆடினார். அங்கு அவரை வென்று விடைகொடுத்தவர் சினேகித் சுரவஜ்ஜுலா என்ற இளைய இந்திய வீரர். தம் நாட்டு இளைஞன் ஒருவனிடம் தோற்று விடைபெறுவது ஒரு மூத்த வீரருக்கு இழிவன்று, பெருமையே.

நண்பர்களே, ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். வென்றவர் முன்னேற, தோற்றவர் வெளியேறும் சுற்றுப்போட்டியில் 64 பேர் ஆடினால், 63 பேர் தோற்ற பின்னரே ஒருவர் சம்பியன் ஆகிறார். ஆகவே தோல்வியைத் தாங்காதவர் இவ்வாட்டத்துக்கு வரவே இயலாது. இதை ஏன் சொல்லுகின்றோம் எனில், நமது ஊரில் உயர்தரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளை மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டக் கூசுகின்றது. கோயில் வீதியிற் காண்போர், பெறுபேறு என்ன என்று கேட்பார்களே என்ற அச்சம். விளையாட்டரங்கில் தோற்றவன் எதிரிக்குக் கைகொடுத்துவிட்டு மறுநாள் மாலை பயிற்சிக்கு வருகிறான். தோல்வி தன் செயலுக்கு நேர்ந்தது, தன் ஆன்மாவுக்கு நேர்ந்ததன்று என்று அவன் அறிகிறான். பயனில் பற்றின்றிச் செயலைச் செய் என்று நமது சமயம் போதிப்பதை, வாரத்தில் மூன்று மாலை பயிலும் இடம் அது.

விளையாட்டுச் சோறு போடுமா என்று பெரியோர் கேட்பது நமக்குத் தெரியும். அது நியாயமான கேள்வியே. சரத் கமலுக்கு அது சோறு போட்டது. எல்லோருக்கும் போடும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். சத்தியன் ஞானசேகரன் தகவல் தொழில்நுட்பத்தில் பொறியியற் பட்டம் பெற்றவாறே ஆடினார்; 2019இல் உலகத் தரவரிசையில் முதல் 25 பேருக்குள் இடம்பெற்ற முதல் இந்தியரானார். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது முழு உண்மையன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று. காலையில் ஒரு ரியூசன், மாலையில் மற்றொரு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு இடையில் ஒரு மணி நேரம் மேசையருகே கிடைத்தால், இரவில் புத்தகத்தின் முன் அமரும்போது அதன் மனம் தெளிந்திருக்கும்.

நமது மன்றம் இதற்கு என்ன செய்யலாம்? ஐப்பசி முதல் தை வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது இங்குள்ள மைதானங்கள் சேறாகி, விளையாடும் பிள்ளைகள் வீட்டில் முடங்குகின்றனர். மழைக்கு அஞ்சாத ஆட்டம் இது. ஒரு மண்டபமும் ஒரு மேசையும் போதும். மேசையைக் கொழும்பிலிருந்து பெரும் விலைக்கு வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேற்பலகை எப்பொருளாலும் இருக்கலாம். 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்ட பந்து ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் சீராக எழும்ப வேண்டும் என்பதே சர்வதேச விதி. தோணியும் வள்ளமும் பழுதுபார்க்கும் கைகள் நிறைந்த இத்துறைமுக ஊரில், அப்படியொரு பலகையை இழைத்துத் தரக்கூடிய தச்சர் கிடைக்காமலா போவார்?

மேசையை வாங்குவது எளிது. அதன் இருபுறமும் ஆள் நிற்கச் செய்வதே அரிது. பதினாறு வயதில் நின்றுபோன பிள்ளைகளை வாரத்துக்கு ஒரு மாலையேனும் திரும்ப அழைப்போம். நாற்பது வயதுக்காரரும் மட்டை பிடிக்க முன்வர வேண்டும்; முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் இரட்டையராக இணைந்து ஆடும் நாளொன்றை மன்றம் ஒதுக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் உரிய நேரம் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே பக்கத்தில் நின்று நாட்டுக்காக ஆடிப் பதக்கம் பெறும் ஆட்டம் இது. நமது பெண்மக்கள் மண்டப வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு அமைதல் ஆகாது.

நமது துறைமுகத்தை உலகம் புகழ்வது அதன் ஆழத்திற்காக. கரையில் நின்று பார்ப்பவருக்கு அந்த ஆழம் தெரிவதில்லை. பெருங்கப்பல் வந்து நங்கூரமிடும்போதே தெரிகிறது. சரத் கமலின் 16 ஆண்டுப் பயிற்சியும் அவ்வாறே பலர் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுள் எவர் சம்பியன் ஆவார் என்று நாம் சொல்ல முடியாது. தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வருவோர் சிலரையாவது நமது மன்றம் ஆக்கித் தருமாயின், அதுவே இவ்வாண்டின் பெருஞ்சாதனை ஆகும். அதற்கான உடல்வலியையும் மனவலியையும் மாதுமையாள் சமேத கோணேசப் பெருமான் நமக்கு அருள்வாராக.